மகள் பேச்சுக்கும் மீட்டர் ஓடியது

போன வருடம் புரட்டாசி மாதம் அது. ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றரை நான்கு மணி இருக்கும். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில், மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமைக்காக உளுந்து களைந்துகொண்டிருந்தேன். மேடைமேல் சாய்த்து வைத்திருந்த டேப்லெட் திரையில் மகளின் முகம் வந்தது. வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

கண் நிறையத் தண்ணீர். ஒரு கை வயிற்றின் மேல். இன்னொரு கை பாதி தூக்கியபடி. அதற்குமேல் படம் அசையவில்லை.

அதைப் பார்த்ததும் நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் எங்கள் வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கையால்தான் பேசுவாள். வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தவள். அங்கே கற்றுக்கொண்ட கைப்பேச்சை லீவுக்கு வரும்போதெல்லாம் எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அவளிடம் படித்ததுதான் எனக்கு நன்றாக நிற்கிறது.

அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. பால்கோவா கிண்டும் இடத்தில் வேலை. நல்ல பிள்ளை. சத்தமே இல்லாத வீடு என்று ஊரில் சிலர் பரிதாபப்படுவார்கள். ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், அங்கே எவ்வளவு பேச்சு ஓடுகிறது என்று. சண்டை வந்தால் இரண்டு பேரில் ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார். அதோடு சண்டை தீர்ந்தது. இந்த வசதி நமக்கெல்லாம் இல்லையே என்று நானே நினைத்திருக்கிறேன்.

எனக்கும் அவளுக்கும் தினமும் சாயங்காலம் வீடியோவில் பேச்சு. அதற்காகவே மாப்பிள்ளை ஒரு டேப் வாங்கித் தந்தார். சிம் கார்டு போடாத டேப். வீட்டு நெட்டில்தான் ஓடும். மற்றபடி என்னிடம் இருப்பது, பேச மட்டும் பழகிய பட்டன் போன்.

அதற்கு முந்தைய வருடம் அவளுக்கு மூன்றாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போனது. அந்த அழுகையை வீடியோவில்தான் பார்த்தேன். இந்த முறை நாள் தள்ளியிருக்கிறது என்று அவள் சொன்ன அன்றே ஒரு வேண்டுதல் வைத்தேன். குழந்தை கையில் வரும்வரை எங்கள் வீட்டில் பெருமாள் முகம் மறையக் கூடாது என்று.

அணையா விளக்கு ஏற்றத்தான் ஆசை. ஆனால் எங்களுடையது சின்ன வீடு. கேஸ் சிலிண்டரும் சாமி படமும் ஒரே சுவர் ஓரம். என் வீட்டுக்காரர் பேண்டேஜ் துணி மில்லில் வேலை பார்க்கிறார். பஞ்சில் தீப்பிடித்ததைக் கண்ணால் கண்டவர். ராத்திரி முழுக்க எரியும் விளக்கு மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால் டிவியில் பெருமாளை வைத்தேன். பெருமாள் சந்நிதியை நாள் முழுக்கக் காட்டுகிற சேனல் ஒன்று நெட்டில் வருகிறது. அங்கே நடை சாத்திய பிறகு முன்னால் நடந்த பூஜைகளைத் திரும்பப் போடுவார்கள். ஆக, எந்நேரமும் சேவை. நாங்கள் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் சாமி பார்த்துக்கொண்டிருப்பது மரியாதை இல்லை என்று, என் பழைய கல்யாணப் பட்டில் ஒரு துண்டு வெட்டி, வளையம் கோத்து, டிவிக்கு முன்னால் சின்னதாக ஒரு திரை தொங்கவிட்டேன். கோயிலில் நைவேத்யம் ஆகும்போது திரை போடுகிறார்கள் இல்லையா, அதுபோல. திரை போடுவேன், சத்தத்தைக் குறைப்பேன். அணைக்க மட்டும் மாட்டேன். சாமி முகத்தைப் பொத்தானை அமுக்கி அணைக்க எனக்கு மனசு வராது.

இப்படியே மாதங்கள் நன்றாகத்தான் போயின. அப்போதெல்லாம் நெட்டுக்கு மாதம் ஒரே தொகை. எவ்வளவு ஓட்டினாலும் கேள்வி கிடையாது. புரட்டாசி பிறக்கும் சமயம், எங்கள் தெருவுக்கு லைன் கொடுக்கும் தம்பி வீடு வீடாக வந்து புதுத் திட்டம் சொன்னார்.

"இனிமே கரண்டு மீட்டர் மாதிரிதான்க்கா. எம்புட்டு ஓட்டுதீகளோ அம்புட்டுக்குத்தான் துட்டு. கொஞ்சமா ஓட்டுறவக சின்ன பேக் போட்டாப் போதும்."

"அளவு முடிஞ்சா கட் ஆயிருமா தம்பி?"

"கட் ஆகாது, வேகம் எறங்கிரும். மெசேஜ் போகும், வீடியோ நிக்கும். வேணும்னா மேல கட்டி ஏத்திக்கிடலாம்."

"நாங்க என்னத்தப்பா ஓட்டுதோம்? மகட்ட பேசுவோம், அம்புட்டுத்தான்" என்றேன்.

வீட்டுக்காரரும் தலையாட்டினார். இருப்பதிலேயே சின்னதைப் போட்டுக்கொண்டோம். சிக்கனமான காரியம் செய்த திருப்தி எனக்கு. மகள் வீட்டுப் பக்கமும் இதே திட்டம் வந்திருந்தது. அங்கேயும் சின்னதையே போடச் சொன்னேன். பெருமாளும் அந்தக் கணக்கில் சேர்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டோடு இருக்கிறவரை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா?

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மகளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. அன்று காலையில் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். போய்விட்டு வந்துதான் கூப்பிடுகிறாள். கூப்பிட்டால் இந்தக் கோலம்.

ஈரக் கையோடு டேப்பைத் தட்டினேன், தூக்கிப் பிடித்தேன், ஜன்னல் பக்கம் கொண்டு போனேன். அவள் கை இருந்த இடம் கட்டம் கட்டமாகக் கலைந்தது. நமக்குக் குரல் உடைந்தாலும் ஒன்றிரண்டு வார்த்தை பிடிபடும். கை உடைந்தால் ஒன்றுமே பிடிபடாது. கொஞ்ச நேரத்தில் முகமும் போய்விட்டது. பிறகு ஒரு மெசேஜ் வந்தது.

"டாக்டர்கிட்ட போனேன். எழுத வரலை. கையில சொல்லணும்."

எழுத்து அவளுக்கு அப்படித்தான். நமக்கு இங்கிலீஷ் எப்படியோ, அவளுக்கு எழுதுகிற தமிழ் அப்படி. சாமான் பெயர், பஸ் நேரம் எல்லாம் எழுதுவாள். மனசில் இருப்பதை எழுத வராது. "வலிக்கா?" என்று ஒற்றை வார்த்தை அடித்து அனுப்பினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. போகவில்லை.

வீட்டுக்காரரின் போன் மில் லாக்கரில் இருக்கும். ஷிப்டு முடியாமல் எடுக்க முடியாது. உளுந்தை அப்படியே போட்டுவிட்டு, வாசல் கதவைச் சாத்தி, இரண்டு தெரு தள்ளி இருக்கும் நெட் ஆபீசுக்கு ஓடினேன். லைன் கொடுத்த அதே தம்பிதான் இருந்தார்.

"தம்பி, நெட்டு செத்துப்போச்சு. மகட்ட பேசணும், சீக்கிரம் பாரு."

கம்ப்யூட்டரைப் பார்த்தார். முகத்தைச் சுருக்கினார்.

"அளவு முடிஞ்சி போச்சேக்கா. மாசம் பாதிகூட ஆகல. மெசேஜ் வந்திருக்குமே?"

மெசேஜ் வீட்டுக்காரர் போனுக்கு இங்கிலீஷில் வந்திருக்கிறது. அவர் அதையும் லோன் வேணுமா என்று வருகிற மெசேஜோடு சேர்த்து அழித்திருக்கிறார். அது பின்னால்தான் தெரிந்தது.

"ராத்திரி பகலா ஒரே சீரா ஓடுதே. ரெண்டு மணி ராத்திரிக்கு என்னத்தக்கா ஓட்டுதீக?"

"ராத்திரி டிவி பாக்கிற ஆளாப்பா நாங்க? ஒம்பது மணிக்கே திரை போட்டுருவேனே!"

"திரையா?"

சொன்னேன். பட்டுத் துண்டு, வளையம், எல்லாம். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஏக்கா, நீங்க திரை போட்டா ஒங்களுக்குத்தான் தெரியாது. பின்னால அவரு பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான இருக்காரு! எறங்குன வேகத்தையும் அவரே இழுத்துக்கிட்டா மெசேஜ்கூடப் போவாது. டிவியப் பொறுத்தவரைக்கும் நீங்க கண்ணு இமைக்காமப் பாக்குதீக."

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நின்றுபோன அந்த முகம்தான் கண்ணில் நின்றது. மகளுக்குக் காது கேட்காது, வயிற்றுப் பிள்ளைக்காரி, முன்னாடி ஒன்று போயிருக்கிறது, இப்போது அழுகிறாள், என்னவென்று தெரியவில்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவருடைய சிரிப்பு சட்டென்று நின்றது.

"நம்பர் சொல்லுங்க, என் போன்ல போடுதேன்."

போட்டார். அவள் எடுக்கவில்லை. தெரியாத நம்பரிலிருந்து வீடியோ வந்தால் எடுக்காதே என்று நாங்கள்தான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். இரண்டாம் முறையும் எடுக்கவில்லை.

"ஒங்க பேக்க ஏத்தி விட்டுருதேன்க்கா, துட்டு பொறவு பாத்துக்கிடலாம். ஆனா சர்வர்ல ஏற செத்த நேரம் ஆகும்."

"நான் நேர்லயே போறேன் தம்பி."

"அப்பம் வண்டில ஏறுங்க" என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து இறக்கினார். புறப்பட நின்ற பஸ்ஸைத் தட்டி நிறுத்தியவரும் அவர்தான். அந்த மனிதருக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. இதை அவர் படித்தால் அதுவே நன்றியாக இருக்கட்டும்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். தளவாய்புரத்தில் ஏதோ விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள். ஏறியதிலிருந்து வாய் ஓயவில்லை.

"ஏட்டி, அவ வச்ச கொழம்புல புளி இருந்திச்சா, புளியில கொழம்பு இருந்திச்சா?"

"அப்பொறம் எதுக்கு ரெண்டு தடவ ஊத்திக்கிட்ட?"

"மருவாதைக்கு ஊத்துனேன்டி! நீ அப்பளத்துக்கு அலைஞ்சத நான் சொன்னேனா?"

அப்பளத்திலிருந்து மருமகளுக்குப் போனார்கள், மருமகளிடமிருந்து ஆட்டுக்குட்டிக்கு, அங்கிருந்து மறுபடி புளிக்கு. இன்னொரு நாளாக இருந்தால் நானும் முன்னால் சாய்ந்து கேட்டிருப்பேன். அன்று அந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க ஒரே கேள்விதான் வந்தது. இவர்கள் பேசுவதை யார் அளக்கிறார்கள்? ஊர் வந்து சேரும்வரை புளியைப் பற்றியே பேசலாம். ஒருவரும் வந்து, அளவு முடிந்தது, இனி வாயசைவு மட்டும்தான் என்று சொல்லப் போவதில்லை. நானும் பட்டன் போனில் என் தங்கச்சியோடு மணிக்கணக்கில் பேசுகிறேன். என் மகள் தூரத்தில் இருக்கிற ஒருவரிடம், நல்லா இருக்கியா என்று கேட்பதற்குக்கூட மீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் அவளோடு பேசியும் இது எனக்கு உறைக்கவே இல்லை.

தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்தது. வழக்கம்போல் கை கூப்பினேன். தினமும் பக்கம் பக்கமாக வேண்டுகிறவள், அன்று என்ன கேட்பதென்று தெரியாமல் "தாயே" என்று மட்டும் சொன்னேன்.

மகள் வீட்டு வாசலில் மணி கிடையாது. சுவிட்சைப் போட்டால் உள்ளே ஒரு சிவப்பு பல்பு எரிந்து எரிந்து அணையும். போட்டேன். கை சுவிட்சை விடவில்லை. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துத் திகைத்து நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், வயிற்றைப் பார்த்தேன், சேலையைப் பார்த்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பிறகு கையை வீசி என்னைத் திட்ட ஆரம்பித்தாள். நான் ஒரு விஷயம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீ பாட்டுக்கு மறைந்துவிட்டாய், எங்கே போனாய் என்று.

திட்டு வாங்கியபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து, எதிரே உட்கார்ந்து சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் வயிற்றில் ஒரு கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார்கள். சத்தம் ஒரு சின்னப் பெட்டியில் வரும். மற்ற பெண்கள் அதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள், அழுவார்கள். இவள் அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். நர்சு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால், நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வந்துவிடுவாள். இத்தனை மாதமும் அப்படித்தான். அன்று புதிதாக வந்த நர்சு, எதுவும் சொல்லாமல் இவள் உள்ளங்கையை இழுத்து அந்தப் பெட்டியின்மேல் வைத்தாராம். பெட்டி அதிர்ந்ததாம்.

அதைக் கையால் சொல்லிப் பார்த்தாள். நடுவில் நிறுத்திவிட்டாள். என் வலது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் தன் விரல் நுனிகளால் தட்டினாள். படபடவென்று, நிற்காமல், சின்னக் குருவி ஒன்று கைக்குள் இருப்பதுபோல. தட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். நெட்டு நன்றாக ஓடியிருந்தாலும் இதை அவள் சொல்லியிருக்க முடியாது. அது கையில் பட்டால்தான் தெரியும். என் பேத்தியை நான் முதலில் அறிந்தது அப்படித்தான்.

இரண்டு பேரும் அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டோம். இதை உன் சிநேகிதிகளுக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். விடுதியில் ஒன்றாக இருந்த பெண்கள், நான்கைந்து பேர், சேர்ந்து வீடியோவில் பேசுவார்கள். எப்போது பார்த்தாலும் அந்தக் கச்சேரிதான். இல்லை என்று தலையாட்டினாள். மீட்டர் வந்தபிறகு அவர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாளாம். மாப்பிள்ளையும் கூமாப்பட்டியில் இருக்கும் அண்ணனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாராம். அளவு தீர்ந்துவிட்டால் உன்னோடு பேச முடியாதே, உனக்காக மிச்சம் வைக்கிறோம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனாள்.

டீ வந்து ஆறும்வரை நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இருக்கிறதைச் சிறுகச் சிறுக எனக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் என் பங்கை, திரை போட்ட டிவிக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் ஓடவிட்டிருக்கிறேன். அதுவும் அவளுக்காக வைத்த வேண்டுதலின் பெயரால்.

திரும்பும் வழியில் கோயிலுக்குப் போனேன். சாயரட்சை நேரம். சந்நிதியில் திரை போட்டிருந்தது. "செத்த நேரம் ஆகும்மா, உக்காருங்க" என்றார் பட்டர். உட்கார்ந்தேன். என்னோடு பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஒருவரும் குறைப்படவில்லை. உள்ளே மணி கிணுகிணுத்தது. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. ராத்திரியானால் இங்கே நடையே சாத்துகிறார்கள். தாயாரும் பெருமாளும் பள்ளிகொள்கிறார்கள். காலையில்தான் திறக்கிறார்கள். அதனால் அவர்கள் இந்த ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்று யாராவது நினைக்கிறோமா? நான்தான் பெருமாளை ராத்திரி பகலாக நிற்க வைத்திருக்கிறேன்.

திரை விலகியது. ஆரத்தியில் தாயார் முகம் பார்த்தேன். வேண்டுதலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னேன். கோபம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை நன்றாக இருக்கிறது என்று கேட்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் டிவி முன்னால் சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டு, ரிமோட்டை எடுத்தேன்.

"ஏட்டி, வேண்டுதல் என்னாவது?"

"கோயில்லயே நட சாத்துதாகங்க. அவியளும் செத்த உறங்கட்டும்."

"நல்லது. எனக்கும் நைட் ஷிப்ட நிப்பாட்டச் சொல்லி மில்லுல சொல்லேன்" என்றார்.

அதன் பிறகு காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று சேவை. மற்ற நேரம் நடை சாத்தல்.

மகளின் வளைகாப்புக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, இரண்டு கைகளையும் மலர்த்திப் பேச்சு, பேச்சு என்று காட்டினாள். வளையலோடு சேர்த்து, அவர்கள் வீட்டுக்குப் பெரிய பேக்காக ஒரு வருடத்துக்குக் கட்டினோம். "சீர்த் தாம்பாளத்துல நெட்ட எப்படி வைப்பியோ?" என்று சொந்தத்தில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கே சிநேகிதிகள் நான்கைந்து பேரும் வீடியோவில் வந்து, வளையல் போட்டதைப் பார்த்து, கையும் முகமுமாக ஒரே ஆரவாரம்.

மார்கழி முடிவில் பேத்தி பிறந்தாள். காது கேட்கிறது என்றார்கள். கேட்காவிட்டாலும் எங்களுக்குக் குறையில்லை. இப்போது எட்டு மாதம் ஆகிறது. சாயங்காலம் டேப்பில் என் முகம் தெரிந்ததும் குட்டிக் கைகளை ஆட்டி என்னென்னவோ சொல்கிறாள். அவள் அம்மா சிரித்துக்கொண்டே எனக்கு அர்த்தம் சொல்கிறாள்.

மீட்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ரேட்டு ஒன்றும் குறையவில்லை. அந்தத் தம்பியிடம் கேட்டால், "நானாக்கா ரேட்டு வைக்கிறேன்?" என்கிறார். ஆனால் தினமும் டிவியை அணைக்கும்போது முன்புபோல என் கை தயங்குவதில்லை. என் மகளும் பேத்தியும் பேசி முடிக்கட்டும் என்று பெருமாள் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்து, அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.